புகைக்குழாயின் வாய் எங்கே?



"நம்ம ஊர் ஏரியில முழங்கால் தண்ணிகூட கிடையாது, இவன் உல்லாசப் படகைப் பத்திக் கட்டுரை எழுதறான் பாரு!" என்று நீங்கள் சிரிப்பது என் காதில் விழுகிறது. தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் கடைசி வரி வரை படித்துவிட்டுச் சிரியுங்கள். ஏனென்றால் இது படகைப் பற்றிய கட்டுரை மட்டுமல்ல. நாளைக்கு டிப்ளமோ வாங்கிக்கொண்டு ஸ்பேனர் பிடிக்கப் போகும் நம் கையைப் பற்றிய கட்டுரையும்கூட.

முதலில் ஒரு சொந்தக் கதை. புராஜெக்டுக்காக ஒரு பழைய பெட்ரோல் ஜெனரேட்டரை வாங்கிப் பணிமனையில் வைத்து ஓட்டிக்கொண்டிருந்தோம். ஐப்பசி மழை. சாரல் உள்ளே அடிக்கிறதே என்று ஷட்டரை முக்கால்வாசி இறக்கிவிட்டோம். இருபது நிமிடம் ஆகியிருக்கும். ஒருவன், "தலை வலிக்குதுடா, காலையில சாப்பிடல" என்றான். இன்னொருவன் குமட்டுகிறது என்று உட்கார்ந்துவிட்டான். எனக்கும் நெற்றிப்பொட்டு விண்விண்ணென்று தெறித்தது. வாசனை என்று பெரிதாக எதுவும் இல்லை. அந்த நேரத்தில் பணிமனை சார் வந்தார். ஷட்டரைச் சரேலென்று தூக்கினார், எஞ்சினை நிறுத்தினார், எங்களை வெளியே துரத்தினார். பிறகுதான் வாயைத் திறந்தார்.

"புகைக்குழாயோட வாய் எங்கேடா இருக்கு?"

மூவரும் விழித்தோம். அது எங்கள் காலடியில், சுவரைப் பார்த்தபடி இருந்தது.

"மூணு பேருக்கும் ஒரே நேரத்துல தலைவலி வந்தா அது தலைவலி இல்லடா, கேஸ்" என்றார் சார்.

அந்தக் கேஸ்தான் கார்பன் மோனாக்சைடு. அன்று முதல் அதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். மூடிய அறையில் அது ஆளைக் கொல்லும் என்பது நம்மில் பலருக்குத் தெரியும். ஆனால் மேலே வானம், சுற்றிலும் தண்ணீர், நடுவில் காற்று வாங்க வந்த குடும்பம் என்று இருக்கும் உல்லாசப் படகிலும் அது ஆளைக் கொல்லும் என்று படித்தபோதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. திறந்த வெளி என்ற தைரியம் எவ்வளவு பொய்யானது என்பதைக் காட்ட, படகைவிட நல்ல பாடம் கிடையாது.

எமன் பிறக்கும் இடம்

வெப்பப் பொறியியல் பாடத்தில் படித்ததுதான். பெட்ரோல் முழுமையாக எரிய, ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடைக் கணக்கில் சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும். காற்று குறைந்தால் கார்பன் அரைகுறையாக எரிந்து, கார்பன் டை ஆக்சைடு ஆவதற்குப் பதில் கார்பன் மோனாக்சைடாக நின்றுவிடுகிறது. கார்புரேட்டர் வைத்த சின்ன எஞ்சின்கள் பெரும்பாலும் பெட்ரோல் அதிகமான கலவையில்தான் ஓடுகின்றன. சோக் இழுத்து ஓட்டும்போதும், காற்று வடிகட்டி அடைத்திருக்கும்போதும் நிலைமை இன்னும் மோசம். டீசல் எஞ்சின் அதிகக் காற்றில் ஓடுவதால் இந்த வாயு அதில் குறைவு. குறைவுதானே தவிர, இல்லவே இல்லை என்று அர்த்தமில்லை.

இந்த வாயுவுக்கு நிறம் இல்லை, மணம் இல்லை, சுவை இல்லை. கண் எரியாது, மூச்சும் திணறாது. காற்றைவிட ஒரு மயிரிழை லேசானது, அவ்வளவுதான். எனவே மேலே பறந்து போய்விடாது, கீழேயும் தங்காது. காற்றோடு காற்றாகக் கலந்து நிற்கும்.

நம் ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் ஆக்சிஜனைச் சுமந்து செல்லும் கூலியாள். மோனாக்சைடு அந்தக் கூலியாளை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் அதிகமான பிடிப்போடு பிடித்துக்கொள்கிறது. முதலில் தலைவலி, மயக்கம், குமட்டல், பிறகு குழப்பம், நினைவிழப்பு, கடைசியில் மரணம். படகில் இது இன்னும் ஆபத்து. ஏனென்றால் தலை சுற்றினால் "படகு ஆட்டம்" என்பார்கள், வாந்தி வந்தால் "வெயில்" என்பார்கள், தள்ளாடினால் "தண்ணி" என்பார்கள். உண்மையான குற்றவாளி மீது யாருக்கும் சந்தேகமே வராது!

ஒரு சின்னக் கணக்கு

நாம் கணக்குப் போடுகிற ஆட்கள் அல்லவா? போட்டுப் பார்ப்போம்.

200 சிசி நான்கு ஸ்ட்ரோக் ஜெனரேட்டர் நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடுகிறது. இரண்டு சுற்றுக்கு ஒருமுறை உறிஞ்சுவதால், நிமிடத்துக்கு 1500 முறை. சிலிண்டர் முழுசாக நிரம்புவதில்லை என்று கழித்துவிட்டால் சுமார் 200 லிட்டர் காற்று உள்ளே போகிறது. ஆறிய பின் ஏறத்தாழ அதே அளவு புகை வெளியே வருகிறது என்று கொள்வோம். அதில் மோனாக்சைடு 5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், நிமிடத்துக்கு 10 லிட்டர்.

படகின் கேபின் 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரம். ஆக 12,000 லிட்டர் காற்று. அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு மற்றும் உடல்நல ஆய்வு நிறுவனம், பத்து லட்சம் பங்கு காற்றில் 1,200 பங்கு மோனாக்சைடு இருந்தால் உடனடி உயிராபத்து என்று வரையறுத்திருக்கிறது. நம் கேபினுக்கு அது வெறும் 14.4 லிட்டர்.

புகை முழுவதும் கேபினுக்குள் வந்தால் ஒன்றரை நிமிடம் போதும். "அதெப்படி முழுசும் வரும்?" என்பீர்கள். சரி, பத்தில் ஒரு பங்கு மட்டும் கசிகிறது, கேபினும் மூடியிருக்கிறது என்று வையுங்கள். கால் மணி நேரம். ஒரு டீ போட்டுக் குடிக்கும் நேரம்தான், நண்பர்களே!

திறந்த வெளியில் எப்படி?

படகு எஞ்சினுக்கும் தரை எஞ்சினுக்கும் முக்கியமான ஒரு வித்தியாசம் உண்டு. பெரும்பாலான படகுகளில் எஞ்சினைக் குளிர்வித்த தண்ணீரைப் புகைக்குழாய்க்குள்ளேயே பீய்ச்சிவிடுகிறார்கள். புகை ஆறுகிறது, சத்தம் குறைகிறது, படகின் பின்பக்கம் நீர்மட்டத்தை ஒட்டித் தண்ணீரும் புகையுமாக வெளியேறுகிறது. இதை ஈர எக்ஸாஸ்ட் என்பார்கள். புத்திசாலித்தனமான ஏற்பாடுதான். ஆனால் தண்ணீர் கரியைக் கழுவுகிறது, வாடையையும் ஓரளவு கழுவுகிறது. மோனாக்சைடு மட்டும் தண்ணீரில் அநேகமாகக் கரைவதே இல்லை. அதாவது நம்மை எச்சரிக்கும் அடையாளங்கள் போய்விடுகின்றன, விஷம் அப்படியே நிற்கிறது!

இரண்டாவது, காற்றோட்டம். டவுன் பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்து போனவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பஸ் முன்னால் ஓடுகிறது, ஆனால் மண் பின்னாலிருந்து சுழன்று உள்ளே வருகிறது. வண்டியின் முதுகுப்புறத்தில் அழுத்தம் குறைந்து காற்று சுழல்வதுதான் காரணம். படகிலும் இதே கதைதான். படகு முன்னே போகும்போது பின்பக்கம் சுழலும் காற்று புகையை உட்காரும் இடத்துக்கே திருப்பி இழுத்து வருகிறது. முன்பக்கம் தூக்கிக்கொண்டு ஓடினாலோ, வெயிலுக்கென்று பக்கத் தார்ப்பாய்களை இறக்கி, பின்பக்கத்தை மட்டும் திறந்து வைத்தாலோ இழுப்பு அதிகமாகும்.

மூன்றாவது, நிற்கும் படகு. காற்று அசையாத நாளில், எஞ்சினோ ஜெனரேட்டரோ ஓடிக்கொண்டிருந்தால், பின்பக்கத்தில் தண்ணீருக்குச் சற்று மேலே விஷக்காற்று தேங்கி நிற்கும். நீந்துபவர்களின் மூக்கு இருக்கும் உயரமும் அதுதான்.

லேக் பவல் சொன்ன பாடம்

அமெரிக்காவில் கொலராடோ ஆற்றின் குறுக்கே கிளென் கேன்யன் அணையைக் கட்டியதால் உருவான நீர்த்தேக்கம் லேக் பவல். அரிசோனா, யூட்டா என்று இரண்டு மாநிலங்களில் பரந்து கிடக்கிறது. விடுமுறைக்கு வருபவர்கள் படகு வீடுகளில் நாள்கணக்காகத் தங்குவார்கள். ஏ.சி.க்கும் சமையலுக்கும் பெட்ரோல் ஜெனரேட்டர் ஓடும்.

2000 ஆகஸ்டில் அங்கே 8 வயதும் 11 வயதுமான சகோதரர்கள் இருவர் இறந்தார்கள். படகு வீட்டின் பின்புறம், நீந்துபவர்கள் ஏறி இறங்குவதற்கு ஒரு மேடை இருந்தது. அதன் அடியில் தண்ணீருக்கும் பலகைக்கும் நடுவே ஒரு பொந்து. பிள்ளைகள் விளையாட்டாக அதற்குள் நீந்திப் போனார்கள். ஜெனரேட்டரின் புகைக்குழாய் வாய் திறந்திருந்தது அந்தப் பொந்துக்குள்தான்.

நான் மேலே சொன்ன ஆய்வு நிறுவனத்தார் கருவிகளோடு போய் அளந்தார்கள். இப்படிப்பட்ட பொந்துகளில் இருந்த மோனாக்சைடு, 1,200 என்ற உயிராபத்து அளவைப் பல மடங்கு தாண்டியிருந்தது. பழைய பதிவுகளைப் புரட்டியபோது இன்னும் அதிர்ச்சி. 1990 முதல் 2000 வரை அந்த ஒரே ஏரியில் 111 பேர் இந்த வாயுவால் பாதிக்கப்பட்டிருந்தார்கள். அவர்களில் 74 பேர் படகு வீடுகளில் இருந்தவர்கள். அந்த 74-இல் 64 பேரின் பாதிப்புக்கு ஜெனரேட்டர் புகை மட்டுமே காரணம். ஏழு பேர் இறந்திருந்தார்கள்.

இதில் யோசிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. தண்ணீரில் மயங்கியவன் மூழ்கிவிடுகிறான். பார்ப்பவர்கள், "நீச்சல் தெரியாமல் மூழ்கிட்டான்" என்று முடித்துவிடுகிறார்கள். ரத்தத்தைப் பரிசோதித்தால் ஒழிய உண்மை வெளியே வராது. வெளியே வராத தப்பை யார் திருத்துவார்கள்?

அளந்து காட்டிய பிறகுதான் திருத்தம் வந்தது. 2001-இல் அமெரிக்கக் கடலோரக் காவல்படை, இப்படிப் பொந்துக்குள் புகையை விடும் படகு வீடுகளைத் திரும்பப் பெற்றுச் சரிசெய்ய உற்பத்தியாளர்களை இறக்கியது. புகைக்குழாயை நம்ம ஊர் அரிசி ஆலை புகைபோக்கி மாதிரி மேல்தளத்துக்கும் மேலே உயர்த்தி விட்டுப் பார்த்தார்கள். ஆட்கள் இருக்கும் இடத்தில் மோனாக்சைடு மளமளவென்று குறைந்தது. எரிபொருளை மின்னணு முறையில் அளந்து பீய்ச்சும் ஏற்பாடும் வினையூக்கி மாற்றியும் கொண்ட, மோனாக்சைடு மிகக் குறைந்த படகு ஜெனரேட்டர்களும் பிற்பாடு சந்தைக்கு வந்தன. படகின் பின்மேடையைப் பிடித்துத் தொங்கியபடி அலையில் சறுக்கும் விளையாட்டு ஒன்று உண்டு. மூக்கைப் புகைக்குழாய்க்குப் பக்கத்தில் கொண்டு வைக்கும் விளையாட்டு அது! கலிபோர்னியா மாநிலம் 2005 முதல் அதைச் சட்டம் போட்டுத் தடுத்துவிட்டது.

விண்டர்மியரில் கைவேலை

இனி சொல்லப்போவதுதான் நமக்கு நேராக உறைக்க வேண்டியது.

இங்கிலாந்தில் விண்டர்மியர் என்ற ஏரி. 2013 ஏப்ரல் 1. ஒரு மோட்டார் படகின் கேபினில் இருந்த தாயும் அவருடைய 10 வயது மகளும் மோனாக்சைடு விஷத்தில் இறந்தார்கள். பிரிட்டனின் கடல் விபத்துப் புலனாய்வுப் பிரிவு விசாரித்தது. திறந்த வெளியில் வைத்து ஓட்டுவதற்கென்று செய்யப்பட்ட கைப்பெட்டி ஜெனரேட்டரைப் படகின் எஞ்சின் அறைக்குள் பொருத்தியிருந்தார்கள். அதன் புகையை வெளியே கொண்டுபோக, கையாலேயே ஒரு சைலன்சர் ஏற்பாடு செய்து இணைத்திருந்தார்கள். அந்த இணைப்பு கழன்றுவிட்டது. புகை எஞ்சின் அறையை நிரப்பி, தடுப்புப் பலகையின் இடுக்குகள் வழியே கேபினுக்குள் வந்துவிட்டது. படகில் மோனாக்சைடு அலாரம் இல்லாமல் இல்லை, இருந்தது. ஆனால் அதற்கு மின் இணைப்பு இல்லை!

யோசித்துப் பாருங்கள். செய்தவர்கள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. "ஒரு பைப்பை வச்சு வெளியே விட்டுட்டாப் போச்சு" என்று நாமும் எத்தனை முறை சொல்லியிருப்போம்! ஒரு கிளாம்ப், ஒரு கேஸ்கெட், இரண்டு ஒயர். அவ்வளவுதான் இரண்டு உயிருக்கும் மரணத்துக்கும் நடுவில் இருந்தது.

பிரிட்டனின் படகுப் பாதுகாப்புத் திட்டம், 2019 ஏப்ரல் முதல், தங்கும் அறை உள்ள எல்லாப் படகுகளிலும் மோனாக்சைடு அலாரம் கட்டாயம் என்று ஆக்கிவிட்டது.

தடுக்கும் வழிகள்

பொருத்துபவர்களும் பழுது பார்ப்பவர்களும் செய்ய வேண்டியவை:

1. கைப்பெட்டி ஜெனரேட்டரைப் படகுக்குள் வைத்து ஓட்டவே கூடாது. படகுக்கென்று செய்த ஜெனரேட்டரை மட்டும், அதற்கென்று சொன்ன முறையில் பொருத்த வேண்டும்.

2. புகைக்குழாயை வாய் முதல் கடைசி வரை கையால் தடவிப் பாருங்கள். ரப்பர் ஹோஸில் வெடிப்பு, கிளாம்பில் துரு, கேஸ்கெட் ஓரத்தில் கரிக்கோடு, குளிர்நீர் வராமல் சூடேறிய அடையாளம் எதைக் கண்டாலும் மாற்றுங்கள். கரிக்கோடு என்றால் கசிவு என்று அர்த்தம்.

3. எஞ்சின் அறைக்கும் கேபினுக்கும் நடுவே ஒயர், பைப் போகும் துளைகளையெல்லாம் அடையுங்கள். எலி நுழையாத துளையில்கூட வாயு நுழையும்.

4. எஞ்சின் அறை ஊதுவிசிறி பெட்ரோல் ஆவியை வெளியேற்றத்தான். அது மோனாக்சைடைப் பார்த்துக்கொள்ளும் என்று நம்பக் கூடாது.

5. படகுக்கு உகந்த தர முத்திரை உள்ள அலாரத்தையே பொருத்துங்கள். ஐரோப்பியத் தரத்தில் அது இ.என். 50291-இன் இரண்டாம் பகுதி. தூங்கும் இடத்தில் ஒன்று இருக்கட்டும். அலாரத்துக்கும் ஆயுள் உண்டு. அதன் மேல் அச்சிட்ட தேதி தாண்டினால் மாற்றுங்கள். சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்க்காமல் படகை அவிழ்க்காதீர்கள்.

பயணம் போகிறவர்கள் மறக்கக் கூடாதவை:

1. எஞ்சினோ ஜெனரேட்டரோ ஓடும்போது பின்மேடையில் உட்காராதீர்கள், அதைப் பிடித்து நீந்தாதீர்கள், அதன் அடியில் ஒருபோதும் போகாதீர்கள்.

2. பக்கத்தில் நிற்கும் படகின் புகையும் நம்மைக் கொல்லும். ஓடும் எஞ்சினிலிருந்து 20 அடியாவது தள்ளி இருங்கள்.

3. புகை உள்ளே திரும்பினால் முன்பக்கக் கதவு, ஜன்னலைத் திறந்து காற்றை முன்னிருந்து பின்னாக ஓடவிடுங்கள். படகின் திசையையோ வேகத்தையோ மாற்றிப் பாருங்கள்.

4. குளிருக்காகச் சமையல் அடுப்பைக் கேபினில் எரியவிட்டுத் தூங்காதீர்கள்.

5. ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருக்கையில், "யாருக்காவது தலை வலிக்குதா?" என்று அடிக்கடி கேளுங்கள். குறிப்பாகக் குழந்தைகளைக் கேளுங்கள்.

ஆள் மயங்கினால்

முதலில் அவரைத் தூய காற்றுக்குக் கொண்டு வாருங்கள். எஞ்சினை நிறுத்துங்கள். மற்றவர்களையும் எண்ணிப் பாருங்கள். உடனே 108-ஐ அழையுங்கள், "மோனாக்சைடு" என்ற சொல்லைச் சொல்லுங்கள். மூச்சில்லையென்றால் செயற்கைச் சுவாசமும் மார்பு அழுத்தமும் தொடங்க வேண்டும்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. கொரோனா காலத்துக்குப் பிறகு பல வீடுகளில் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் இருக்கிறது. அதை மாட்டி, "98 காட்டுது, ஒண்ணுமில்ல" என்று விட்டுவிடாதீர்கள். சாதாரண ஆக்சிமீட்டருக்கு ஆக்சிஜன் ஏறிய ரத்தத்துக்கும் மோனாக்சைடு ஏறிய ரத்தத்துக்கும் வித்தியாசம் தெரியாது. சாதாரணக் காற்றில் இந்த விஷம் பாதியாகக் குறையவே நான்கைந்து மணி நேரம் ஆகும். மருத்துவமனையில் தூய ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் குறையும். எனவே ஆள் எழுந்து உட்கார்ந்துவிட்டாலும் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும்.

நிறைவாக

அன்று சார் ஷட்டரைத் தூக்க இன்னும் அரை மணி நேரம் தாமதமாகியிருந்தால், இந்த மலரில் என் கட்டுரை வந்திருக்காது. என் படம் வந்திருக்கும், கறுப்புக் கட்டம் கட்டி.

நம்மில் சிலர் நாளைக்கு ஜெனரேட்டர் சர்வீஸுக்குப் போவோம், சிலர் படகுத் துறைக்கே போவோம், சிலர் கல்விச் சுற்றுலாவில் ஆலப்புழை படகு வீட்டில் ஒரு ராத்திரி தூங்குவோம். எங்கே எஞ்சின் ஓடினாலும், எவ்வளவு காற்றாட இருந்தாலும், வேலையைத் தொடங்கும் முன், பாயை விரிக்கும் முன், அந்த ஒரே கேள்வியைக் கேட்டுவிடுங்கள்:

"புகைக்குழாயோட வாய் எங்கே இருக்கு?"

பதில் தெரியாவிட்டால் எஞ்சினை நிறுத்துங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.